பச்சை மூடி போட்ட டீ கேன்

திங்கட்கிழமை முதல் என் வேலையை ஏற்கும் நீங்கள் இருவரும் உட்காரப்போகும் மேஜையில் தடிமனான கோப்பு ஒன்று இருக்கிறது. உணவு அட்டவணைகள், ஊர் வாரியாக நோயாளிகளின் பெயர்கள், முகாம் நடத்த இடம் கொடுப்பவர்களின் விவரம் என்று எல்லாவற்றையும் எண் போட்டு வைத்திருக்கிறேன். கோப்பில் இல்லாத ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மரக்காணத்தையும் சுற்றுவட்டார ஊர்களையும் சேர்ந்த சர்க்கரை நோயாளிகளுக்கு என்ன சாப்பிடலாம், எதைக் குறைக்கலாம் என்று ஆறு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஓய்வு பெறுகிறேன் என்றால் சிரிப்பீர்கள். ஆனாலும் அதுதான் சரியான சொல். அடுத்த மாதம் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் சேர்கிறேன். அங்கே மாவும் எண்ணெயும்தான் என் முன்னால் இருக்கும், மனிதர்கள் இருக்க மாட்டார்கள்.

சேர்ந்த புதிதில் அனுமந்தையில் ஒரு முகாம் நடத்தினேன். "காலை எட்டு மணிக்கு மூன்று இட்லி, சாம்பார்" என்று அச்சடித்த அட்டவணையை வாசித்தேன். முன்வரிசையில் இருந்த மீனவர் ஒருவர் எழுந்தார்.

"எட்டு மணிக்கு நான் கடல்ல இருப்பேன். இட்லிய யாரு எடுத்தாந்து குடுப்பா, நீயா?"

"வரும்டா அந்தப் பொண்ணு, லைஃப் ஜாக்கெட் போட்டுகினு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று மாலையே அட்டவணையிலிருந்த மணிகளை அழித்துவிட்டு, காலை, மதியம், இரவு என்று மட்டும் வைத்தேன். சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தேன். மணியை அழித்தபோது, ஒருவர் எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுகிறார் என்று கேட்கும் வேலையையும் சேர்த்து அழித்துவிட்டேன். அது எனக்குத் தெரிய நான்கு வருடம் ஆனது.

தெரியவைத்தவர் பவுனம்மாள். எல்லோருக்கும் பவுனக்கா. வயது நாற்பத்தாறு. உப்பளத்தில் பாத்தியிலிருந்து வாரி வைத்த உப்பைக் கூடையில் சுமந்து கரையில் கொட்டுவது அவர் வேலை. கணவர் எட்டியப்பனுக்கும் அதே உப்பளத்தில்தான் வேலை. எனக்குச் சப்பாத்தி மேடம் என்று பெயர் வைத்தது பவுனக்காதான்.

"யம்மா சப்பாத்தி மேடம், உன் சப்பாத்திய ரெண்டு நாள் சுட்டேன். மூணாவது நாள் எங்க வூட்டுக்காரரு செருப்புன்னு நெனச்சு கால்ல மாட்டிகினு வேலைக்குப் போய்ட்டாரு."

முகாமே உருண்டு சிரிக்கும். ஆனால் சொன்னதைச் செய்பவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பவுனக்கா அட்டவணையைத் தகரப்பெட்டியில் வைத்திருந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். சந்தேகம் வந்தால் அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு வருவார்.

அவருடைய ஒரு நாளை இப்போது என்னால் மணி வாரியாகச் சொல்ல முடியும். மூன்றரைக்கு எழுந்து மாத்திரை போடுவார். கூடவே ஒரு பெரிய கிண்ணம் பழைய சோறு. ஐந்து மணிக்கு முன்பே உப்பளத்தில் இறங்கிவிடுவார். ஏழரைக்கு டீ வரும். சர்க்கரை தூக்கலாக இரண்டு கிளாஸ் குடிப்பார். பதினொரு மணிக்கு வீடு, குளியல், சோறு. அப்போது நான் இதையெல்லாம் கேட்கவில்லை. "காலையில என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன். "பழைய சோறு" என்றார். "நிறுத்திடுங்க. ரெண்டு சப்பாத்தி, இல்லன்னா கேழ்வரகு அடை" என்றேன்.

மூன்றரை மணிக்கு யார் அடை தட்டுவார்கள்? வேலை முடிந்து வந்து தட்டினார். என் அட்டவணையில் மணி இல்லை. பதினொன்றும் காலைதானே.

அடுத்து டீ. உப்பளங்களுக்கு டி.வி.எஸ் வண்டியில் டீ கொண்டு போனவர் ஜாபர் பாய். பன்னிரண்டு வருடம் சவுதியில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அவருக்கும் சுகர். "அங்கருந்து எல்லாரும் கம்பளி, சென்ட்டு எடுத்தாருவாங்க, நான் இத எடுத்தாந்தேன்" என்பார். சர்க்கரை போடாத டீயை இன்னொரு கேனில் கொண்டு போகலாமே என்று நான்தான் யோசனை சொன்னேன். மறு வாரமே புதுக் கேன் வாங்கி, மூடிக்குப் பச்சை பெயின்ட் அடித்துக்கொண்டு வந்து காட்டினார்.

"யார் யாருக்கு இதுன்னு எழுதிக் குடுங்கம்மா. நாம்பாட்டுக்கு மறந்து ஊத்திட்டேன்னா அல்லாவுக்கு நாந்தான பதில் சொல்லணும்."

பதினோரு பெயர்கள் எழுதினேன். நான்காவது பெயர் பவுனம்மாள். அடியில் சிவப்பு மையில், "எந்தச் சூழ்நிலையிலும் இவர்களுக்குச் சர்க்கரை கொடுக்கக் கூடாது" என்று எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு வண்டியின் ஹேண்டில் பாரில் கட்டிவிட்டேன். அதைப் படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினேன். நிறையப் பாராட்டினார்கள்.

ஆக, பவுனக்காவின் காலையிலிருந்து சோற்றை எடுத்தேன். பிறகு டீயிலிருந்த சர்க்கரையை எடுத்தேன். சர்க்கரையை இறக்கும் மாத்திரை மட்டும் மூன்றரை மணிக்கு, அதே அளவில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மாத்திரை டாக்டரின் வேலை, உணவு என் வேலை என்று நடுவில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன்.

அவர் எச்சரிக்காமல் இல்லை. சித்திரை மாத முகாமில், "எட்டு மணிக்கு மேல கை கிடுகிடுன்னு ஆடுதும்மா. வேர்த்து ஊத்துது. கண்ணு இருட்டிகினு வருது" என்றார். உப்பின் மேல் சித்திரை வெயில் விழும்போது அந்தப் பக்கம் திரும்பக்கூட முடியாது. வெயில் என்று குறித்துக்கொண்டேன். மோர் குடியுங்கள் என்றேன். அன்று அவருடைய ரத்தச் சர்க்கரை எண் மிக அழகாக இறங்கியிருந்தது. அவரை எழுப்பி நிற்கவைத்து எல்லோரையும் கை தட்டச் சொன்னேன். வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து நடந்ததை உடன் இருந்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எட்டியப்பன் அன்று உப்பு லாரியோடு திண்டிவனம் போயிருந்தார். காலையிலிருந்தே பவுனக்கா சம்பந்தமில்லாமல் பேசியிருக்கிறார். காலிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கரைக்குப் போய்க் கொட்டுவதுபோல் கவிழ்த்திருக்கிறார்.

"இன்னாடி பவுனு, காலையிலயே சரக்கு போட்டுட்டியா?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

பிறகு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை. அந்த நேரம்தான் ஜாபர் பாய் வண்டி வந்தது. ஒரு டம்ளர் டீ கொடுத்தால் தெளிவு வரும் என்று பாய் ஓடியிருக்கிறார். முதலில் சர்க்கரை போட்ட கேனைத்தான் திறந்தாராம். அப்புறம் ஹேண்டில் பாரில் கட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார். கேனை மூடிவிட்டுப் பச்சை மூடியைத் திறந்தார்.

பாதி டம்ளர் குடித்தார் பவுனக்கா. பிறகு சரிந்தார். வெயில் தாக்கிவிட்டது என்று கொட்டகை நிழலில் கிடத்தி, தண்ணீர் தெளித்து, உப்புப் போட்ட மோரை வாயில் விட்டுப் பார்த்தார்கள். மோர் இறங்கவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் அப்படியே போனது. அப்புறம்தான் மினி லாரியில் ஏற்றினார்கள். பாயும் கூடவே போனார்.

நான் மருத்துவமனைக்குப் போனபோது குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது. விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கருவியில் எண்ணே வரவில்லையாம். அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்று காட்டும் இரண்டு ஆங்கில எழுத்துகள்தான் வந்தனவாம். எட்டியப்பன் லாரியிலிருந்து இறங்கி நேராக ஓடி வந்திருந்தார். காலெல்லாம் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. பணியிலிருந்த டாக்டர் வெளியே வந்து, "மயக்கம் வரும்போது இனிப்பா எதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். சக்கர போடாத டீதான் குடுத்தேன்" என்றார் ஜாபர் பாய். நல்லவேளை, தான் தவறு எதுவும் செய்யவில்லை என்ற நிம்மதி அந்தக் குரலில் இருந்தது. இன்றும் எனக்கு அந்தக் குரல் கேட்கிறது.

டாக்டர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். "ரெண்டு ஸ்பூன் சக்கர அப்பவே உள்ள போயிருந்தா எழுந்து உக்காந்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எட்டியப்பன் திரும்பினார். பாயின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"கேன்ல சக்கர டீ இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன்யா குடுக்கல? சாவட்டும்னு வுட்டியா?"

பாய் என்னை ஒரு முறை பார்த்தார், ஒரே முறைதான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டார். மேடம்தான் எழுதிக் கொடுத்தார்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். நானும் சொல்லவில்லை.

அப்போது எனக்குக் காரணங்கள் இருந்தன. முதலாவது, கோபத்தில் இருப்பவரிடம் விளக்கம் சொல்வது சரியல்ல. இரண்டாவது, முழு விவரம் தெரியாமல் பேசக் கூடாது. மூன்றாவது, அலுவலகத்தைக் கேட்காமல் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் விதி. மூன்றையும் மனதுக்குள் எண் போட்டு வைத்துக்கொண்டேன். நெருக்கடியில் உங்களுக்கும் இப்படி வரிசையாகக் காரணங்கள் வரும். அவை மிக ஒழுங்காக வந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையில் எனக்கு இருந்தது ஒன்றுதான். பயம்.

பவுனக்கா பிழைத்தார். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தார். ஆனால் திறந்தவர் பழைய பவுனக்கா இல்லை. மூளைக்கு அவ்வளவு நேரம் சர்க்கரை போகாமல் இருந்தால் போனது திரும்பி வராது என்று டாக்டர் சொன்னார். வலது கை எழும்பவில்லை. பேச்சு ஒரு சொல், இரண்டு சொல். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு முகம்.

அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அனுபவம் மிகுந்த மேலதிகாரி ஒருவர், "நோயாளி காலை உணவைத் தவிர்த்தார்னு போடுங்க. அது உண்மைதானே?" என்றார். அந்த வாக்கியத்தில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்த ஒரே நோயாளியைப் பற்றி, அறிவுரையை மீறியவர் என்று படிக்கும்படி ஒரு வாக்கியம். கோப்பில் நாற்பத்தொன்றாவது பக்கத்தில் இருக்கிறது. அதன் மேலேயே பிறகு நான் எழுதிய திருத்தமும் இருக்கிறது. இரண்டையும் கிழிக்க வேண்டாம்.

அடுத்த முகாமுக்குப் பாய் வரவில்லை. மாத்திரை வாங்கவும் வரவில்லை. உப்பளத்தில் அவரிடம் யாரும் டீ வாங்குவதில்லை என்று வந்திருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். வண்டியைக் கண்டாலே எட்டியப்பன் வரப்பில் நின்று கத்துகிறாராம். மாத்திரைக்காக வரிசையில் நின்ற ஒருவர், பாயின் மதத்தையும் சேர்த்து ஒரு வாக்கியம் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். அருகில் இருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்த பிறகுதான் என் காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அதற்குள் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

மறுநாள் விடியும் முன் உப்பளத்துக்குப் போனேன். பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகை முன்னால் நின்று சொன்னேன். சோற்றை நிறுத்தச் சொன்னது நான். சர்க்கரை கொடுக்காதே என்று எழுதியது நான். கை நடுங்குகிறது என்று பவுனக்கா சொன்னபோது வெயில் என்றது நான். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கவும் செய்யும், அப்போது முதல் வேலையாக இனிப்பைக் கொடுக்க வேண்டும் என்று உங்களில் ஒருவருக்கும் சொல்லித் தராதது நான்.

யாரும் கத்தவில்லை. சரக்கு போட்டாயா என்று அன்று கேட்ட பெண்தான் பேசினாள்.

"அப்போ அந்த மனுசன் தப்பு ஒண்ணும் பண்ணலியா?"

"இல்ல."

"நாங்க அவர இன்னா பேச்சு பேசுனோம் தெரியுமா மேடம்?" என்றாள். கூடையை இடுப்பில் வைத்தபடியே நின்றாள். "மூணு வாரமா ஏன் வாயத் தொறக்கல நீ?"

எட்டியப்பன் அன்று வேலைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். சுவரில் சாய்த்து உட்காரவைத்து, கேழ்வரகுக் கூழைக் கரண்டியால் பவுனக்காவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். வாயோரம் வழிவதைத் துண்டால் துடைத்துவிட்டு அடுத்த கரண்டி. எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். கரண்டி நிற்கவில்லை. கிண்ணம் காலியானதும்தான் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, அன்னிக்கி ஆஸ்பத்திரில என் கை அந்தாளு சட்டையில இருந்துச்சு. நீ பக்கத்துலதான நின்ன?"

"ஆமா."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருக்கணும்."

"எழுதிக் குடுத்தது தப்புன்னா, சரி. படிச்ச பொண்ணு, தெரியாம எழுதிட்ட. இது தெரிஞ்சுதான நின்ன?"

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது எல்லாம் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. அட்டவணையில் தவறு வரும், உங்களுக்கும் வரும். எத்தனை மணிக்கு மாத்திரை, அதற்குப் பின் வாயில் முதலில் என்ன போகிறது, அடுத்த சாப்பாடு வரை உடம்பு என்ன வேலை செய்கிறது என்று மூன்றையும் கேட்டுவிட்டு எழுதினால் குறைவாக வரும். அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பார்த்தால் இன்னும் குறையும். இப்போது எல்லா உப்பளக் கொட்டகைகளிலும் ஒரு டப்பாவில் சர்க்கரை இருக்கிறது. மாதம் ஒரு முறை போய்ப் பாருங்கள். எறும்பு வந்திருக்கும், மாற்றுங்கள். இவ்வளவும் கற்றுக்கொள்ளக்கூடியவை. தவறு நடந்த இடத்தில், நடந்த அன்றே வாயைத் திறப்பதை நான் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை. செய்யாமல் விட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எட்டியப்பன் கையைக் கழுவிவிட்டு வந்தார். "பாய் எங்க இருக்காரு இப்ப?"

குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியின் சமையலறையில் பாத்திரம் கழுவப் போய்விட்டதாக அவர் மனைவி என்னிடம் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பவுனக்காவிடம் விட்டுவிட்டு எட்டியப்பன் பைக்கை எடுத்தார். என்னை வா என்று அழைக்கவில்லை. என் வண்டியில் பின்னாலேயே போனேன்.

விடுதியின் பின்பக்கம் குழாயடியில் இருந்தார் பாய். எட்டியப்பனைக் கண்டதும் எழுந்துவிட்டார். கை சோப்பு நுரையோடு அப்படியே நின்றது. மறுபடி சட்டையைப் பிடிக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்திருக்க வேண்டும்.

எட்டியப்பன் பைக்கை நிறுத்திவிட்டுக் குழாயடிக்கு வந்து நின்றார். மன்னிப்பு என்ற சொல் எங்கள் பக்கத்து ஆண்களின் வாயில் சுலபமாக வராது.

பாய்தான் முதலில் பேசினார். "பவுனு எப்படிப்பா இருக்கு?"

"இருக்குது. சில நேரம் என் பேரச் சொல்லுது. சில நேரம் யாருன்னு பாக்குது."

"சாப்புடுதா?"

"ஊட்டுனா சாப்புடுது."

"கூழுதான?"

"கூழுதான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா கொஞ்சம் கொஞ்சமா."

பாய் தலையாட்டினார். எட்டியப்பன், "நாளைக்கு உப்பளத்துக்கு வா பாய். நான் சொல்லிட்டேன்னு சொல்லு, எவனும் பேச மாட்டான்" என்றார்.

"இல்லப்பா. வர்ல." பாய் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "ஊத்தப் போனா கை யோசிக்குது. எந்தக் கேனு, எந்தக் கேனுன்னு. ஊட்லயே எனக்கு டீ ஊத்திக்க முடியல. எம் பொஞ்சாதிதான் ஊத்தித் தருது."

இருவரும் குழாயடித் திட்டில் உட்கார்ந்தார்கள். இடையில் கவிழ்த்து வைத்த ஒரு குண்டான் இருந்தது. எட்டியப்பன் பீடியை எடுத்தார். பற்றவைக்காமல் விரலிலேயே வைத்துக்கொண்டார். பவுனக்காவின் கைக்கு எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி எண்ணெயின் பெயரைச் சொன்னார் பாய். தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார் எட்டியப்பன்.

என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. அவர்கள் பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.